சக்கரமும் சிக்கனமும்

கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் இருப்புப்பாதையில் குறிஞ்சிப்பாடி ஒரு சிறிய நிலையம். அதனைக் கடந்தால் வடலூர். அதற்கும் அப்பால் நெய்வேலி. இந்தச் சிறு தொலைவிற்குள் சக்கரத்தின் பல வடிவங்களை ஒருவர் கண்டுவிடலாம். நெசவாளர் வீட்டுத் திண்ணையில் நூல் சுற்றும் இராட்டையும் சக்கரமே. தண்டவாளத்தில் உருளும் எஃகு வட்டும் சக்கரமே. நெய்வேலிச் சுரங்கத்தில் மண்ணை வாரி வாரிப் பட்டையின் மேல் கொட்டுகின்ற பெரிய வாளிச் சக்கரமும் சக்கரமே. இவற்றுள் ஒவ்வொன்றும் தன் தொழிலுக்கு ஏற்ற உருவமும் பொருளும் பெற்றிருக்கிறது. சாலையில் ஓடும் காரின் சக்கரமும் அவ்வாறே. அதனை நம் விருப்பம்போல் மாற்றினால் என்ன நேரும் என்பதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

குறிஞ்சிப்பாடியில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. பணியிலிருந்து ஓய்வு பெற்றபொழுது கிடைத்த தொகையில் ஒரு பகுதியைக் கொண்டு அவர் ஒரு ஹைபிரிட் கார் வாங்கினார். பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து இழுக்கும் வண்டியை அப்பெயரால் வழங்குகின்றனர். நண்பர் கணக்கில் கண்டிப்பானவர். ஒவ்வொரு முறையும் தொட்டியை நிரப்பி, ஓடிய தூரத்தையும் ஊற்றிய லிட்டரையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வருவது அவர் வழக்கம். லிட்டருக்கு 24 கிலோமீட்டர் என்பது அவருடைய குறிப்பேடு கூறிய உண்மை.

மூன்று ஆண்டுகள் சென்றன. டயர்கள் தேய்ந்தன. அவருடைய தம்பி மகன் ஒருவன், "பெரியப்பா, டயர் மாற்றும்போதே சக்கரத்தையும் மாற்றிவிடலாம், பெரிய அலாய் வீல் போட்டால் வண்டி எடுப்பாக இருக்கும்" என்று கூறினான். அவரும் இசைந்தார். வண்டி எடுப்பாகத்தான் இருந்தது. ஆனால் குறிப்பேடு வேறு கதை கூறியது. 24 என்று இருந்தது 21.6 ஆகக் குறைந்துவிட்டது. பத்தில் ஒரு பங்கு போயிற்று! நண்பருக்கு உறக்கம் இல்லை. "வண்டியின் பாட்டரி கெட்டுவிட்டது" என்று யாரோ சொல்ல, பெருந்தொகை கொடுத்து அதனை மாற்றவும் துணிந்துவிட்டார். பணத்தை எடுப்பதற்கு முன், ஒரு மாலைப்பொழுதில், குறிப்பேட்டோடு என் வீட்டிற்கு வந்தார்.

அன்று நாங்கள் இருவரும் உட்கார்ந்து போட்ட கணக்கே இந்தப் பேச்சின் பொருள்.

முதலில் டயர் செய்யும் வேலை யாது என்பதைக் காண்போம். ஒரு ரப்பர்ப் பந்தை இடுப்பளவு உயரத்திலிருந்து கீழே விடுங்கள். அது எழும்பும், ஆனால் விட்ட உயரத்திற்கு எழும்பாது. தரையில் மோதி நசுங்கும்போது பந்து பெற்ற ஆற்றல் முழுவதும் திரும்பி வருவதில்லை. ஒரு பகுதி ரப்பருக்குள்ளேயே வெப்பமாகி மறைந்துவிடுகிறது. டயருக்கும் இதே நிலைதான். சக்கரம் சுழலும்போது தரையைத் தொடும் பகுதி வண்டியின் எடையால் நசுங்குகிறது; தரையை விட்டு நீங்கியவுடன் பழைய உருவை அடைகிறது. ஒவ்வொரு சுற்றிலும் டயரின் ஒவ்வொரு பகுதியும் இவ்வாறு நசுங்கி நிமிர்கிறது. ஒவ்வொரு நசுங்கலிலும் சிறிது ஆற்றல் வெப்பமாகிறது. நெடுந்தூரம் ஓடி நின்ற வண்டியின் டயரைத் தொட்டுப் பாருங்கள். அந்த வெப்பத்தில் ஒரு பங்கு நீங்கள் விலை கொடுத்து வாங்கிய பெட்ரோல். இந்த இழப்பிற்கு உருளல் தடை என்று பெயர்.

நெய்வேலியில் வளர்ந்த மாணவர்களுக்கு இதனை வேறு ஒரு காட்சியாலும் விளக்கலாம். 1956-ஆம் ஆண்டு பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றி, 1957-இல் சுரங்க வேலை தொடங்கப்பெற்று, 1961-இல் கரி வெளிப்பட்ட நாள்முதல் அங்கே மண்ணையும் கரியையும் சுமந்து செல்வன நீண்ட ரப்பர்ப் பட்டைகள். அந்தப் பட்டை ஆயிரக்கணக்கான உருளைகளின் மேல் ஓடுகிறது. ஒவ்வோர் உருளையைக் கடக்கும்போதும் பட்டையின் அடிப்புறம் சிறிது அமுங்கி மீள்கிறது. அமுங்கியபோது கொடுத்த ஆற்றல் மீளும்போது முழுமையாகத் திரும்புவதில்லை. சமதரையில் நெடுந்தூரம் ஓடும் பட்டைகளை இழுப்பதற்குச் செலவாகும் மின்சாரத்தில் பெரும்பங்கு இவ்வாறே கழிகிறது. டயரில் சக்கரம் ரப்பர், தரை கடினம். பட்டையில் சக்கரம் கடினம், தளம் ரப்பர். இடம் மாறினாலும் இயற்கையின் விதி மாறவில்லை.

இந்தத் தடையின் அளவு என்ன? நல்ல சாலையில், ஆயிரம் கிலோ எடையுள்ள காரை ஒரே வேகத்தில் உருட்டிச் செல்ல, டயரின் தடையை வெல்வதற்கு மட்டும் எட்டு முதல் பன்னிரண்டு கிலோ எடைக்குச் சமமான இழுப்பு வேண்டும். நல்ல டயருக்கு எட்டு. சாதாரண டயருக்குப் பத்து. தடை மிகுந்த டயருக்குப் பன்னிரண்டு. எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தில் உருளும் இரயில் வண்டிக்கோ ஒன்று அல்லது இரண்டு கிலோ போதும். எஃகு நசுங்குவது மிகக் குறைவாதலால் இந்த வேற்றுமை. அப்படியாயின் காருக்கும் எஃகு வட்டையே போட்டுவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். கட்டை வண்டியில் கரடுமுரடான சாலையில் சென்றவர்கள் அதற்கு விடை கூறுவர்! ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845-இலும், அவரை அறியாமலே ஜான் பாய்ட் டன்லப் 1888-இலும் காற்றடைத்த டயருக்கு உரிமை பெற்றது, குலுக்கலைப் போக்கவும் எளிதாக உருளவுமே ஆகும். மேடு பள்ளங்களைத் தானே விழுங்கிக்கொண்டு, சாலையைப் பற்றிப் பிடித்து, நம்மைத் தாங்குவதற்கு டயர் கேட்கும் கூலியே உருளல் தடை. கூலியே கொடாமல் வேலை வாங்க இயலாது. ஆனால் மிகுதியாகவும் கொடுக்க வேண்டியதில்லை.

இனி இதனை லிட்டரில் காண்போம். ஆட்களோடு சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். நல்ல டயர் போட்டிருந்தால் அதன் உருளல் தடை 12 கிலோ எடையின் இழுப்பு. அதாவது ஏறத்தாழ 118 நியூட்டன். நூறு கிலோமீட்டர் ஓடினால் இத்தடைக்குச் செலவாகும் ஆற்றல் ஏறத்தாழ 11.8 மெகாஜூல். சாதாரண டயராயின் இழுப்பு 15 கிலோ, ஆற்றல் 14.7 மெகாஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 33 மெகாஜூல் ஆற்றல் அடங்கியிருக்கிறது. சிறந்த ஹைபிரிட் வண்டியும் அதில் மூன்றில் ஒரு பங்கிற்குச் சற்று மிகுதியாக, ஏறத்தாழ 11.5 மெகாஜூலைத்தான் சக்கரத்திற்குக் கொண்டு சேர்க்கும் என்று கொள்வோம். எஞ்சியது புகையோடும் வெப்பத்தோடும் போய்விடும். ஆகவே நூறு கிலோமீட்டருக்கு நல்ல டயர் உண்ணும் பெட்ரோல் ஏறத்தாழ 1 லிட்டர். சாதாரண டயர் உண்பது 1.28 லிட்டர். இரண்டிற்கும் உள்ள வேற்றுமை கால் லிட்டர். நூறு கிலோமீட்டருக்கு நான்கு லிட்டர் மட்டுமே குடிக்கும் வண்டியில் கால் லிட்டர் என்பது சிறிதன்று. நூற்றுக்கு ஆறு பங்கு.

இவ்விடத்தில் ஹைபிரிட் வண்டியின் தனித்தன்மையை அறிந்துகொள்ள வேண்டும். சாதாரணக் காரில் பிரேக்கை அழுத்தினால் ஓட்டத்தின் ஆற்றல் முழுவதும் பிரேக்குத் தகட்டில் வெப்பமாகி அழிகிறது. ஹைபிரிட் வண்டியில் மின் மோட்டாரே அந்நேரத்தில் மின்னாக்கியாக மாறி, ஓட்டத்தின் ஆற்றலில் ஒரு பகுதியை மின்சாரமாக்கிப் பாட்டரியில் சேர்க்கிறது. மறுபடியும் புறப்படும்போது அச்சேமிப்பு கைகொடுக்கிறது. வண்டி நிற்கும்போது எஞ்சினும் நின்றுவிடுகிறது. இவ்வாறு சாதாரண வண்டி வீணாக்கும் செலவுகள் பலவற்றை அது மிச்சப்படுத்துகிறது. 1997 டிசம்பரில் ஜப்பானில் டொயோட்டா நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த பிரியஸ் என்னும் வண்டி இம்முறையை உலகெங்கும் பரப்பியது. நம் நாட்டிலும் 2022 முதல் இத்தகைய வண்டிகள் பலவாக ஓடத் தொடங்கின.

ஆனால் ஒன்றை மறத்தல் ஆகாது. பிரேக்கில் வீணாவதை ஹைபிரிட் மீட்டுக்கொள்கிறது. டயரில் வீணாவதை மீட்க அதற்கு வழி இல்லை. ரப்பரில் வெப்பமாகிக் காற்றில் கலந்துவிட்ட ஆற்றலை எந்த மோட்டாரும் திருப்பித் தராது. மற்றச் செலவுகள் சுருங்கச் சுருங்க, சுருங்காத செலவு பெரிதாகத் தோன்றும். ஆடம்பரம் எல்லாவற்றையும் குறைத்துவிட்ட குடும்பத்தில் வீட்டு வாடகை பெரிதாகத் தெரிவதைப் போன்றது இது.

கணக்கின் வடிவமும் நம்மைச் சிறிது மயக்குகிறது. ஒரு வண்டி நூறு கிலோமீட்டருக்கு 8 லிட்டர் குடிக்கிறது. மற்றொன்று 4 லிட்டர் குடிக்கிறது. இரண்டிற்கும் டயர் மாற்றியதால் அரை லிட்டர் கூடிற்று என்று வைத்துக்கொள்வோம். முதல் வண்டியின் மைலேஜ் 12.5-இலிருந்து 11.8 ஆகும், குறைவு வெறும் 0.7. இரண்டாவது வண்டியின் மைலேஜோ 25-இலிருந்து 22.2 ஆகிவிடும், குறைவு 2.8. இழந்த பெட்ரோல் இரண்டிலும் ஒன்றே. ஆனால் ஹைபிரிட் உரிமையாளர் அலறுகிறார். மற்றவர் கவனிப்பதே இல்லை. ஆதலால் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்ப்பதைவிட, நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று பார்ப்பதே இழப்பை அளக்கும் நேரிய முறை.

இப்பொழுது நண்பரின் குறிப்பேட்டிற்குத் திரும்புவோம். அவருடைய பழைய டயரின் பக்கவாட்டில் 215/60 ஆர் 17 என்று எழுதியிருந்தது. இவ்வெழுத்துக்களின் பொருள் பலருக்குத் தெரிவதில்லை. 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் நூற்றுக்கு அறுபது என்பதாகும். அதாவது 129 மில்லிமீட்டர். 17 என்பது உள்ளே இருக்கும் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 'ஆர்' என்பது டயருக்குள் இழைகள் அமைந்துள்ள ரேடியல் முறையைக் குறிக்கும். ரிம்மின் விட்டத்தோடு மேலும் கீழும் உள்ள இரண்டு சுவர்களையும் கூட்டினால் டயரின் முழு விட்டம் 690 மில்லிமீட்டர். புதிய டயரில் எழுதியிருந்தது 225/55 ஆர் 18. அதே முறையில் கணக்கிட்டால் முழு விட்டம் ஏறத்தாழ 705 மில்லிமீட்டர். பதினைந்து மில்லிமீட்டர் கூடிவிட்டது. நூற்றுக்கு இரண்டு பங்கிற்குச் சற்று மேல்.

இதனால் என்ன? வண்டி தான் ஓடிய தூரத்தை எவ்வாறு அறிகிறது என்று எண்ணிப் பாருங்கள். அது சாலையைப் பார்ப்பதில்லை. சக்கரம் சுற்றிய சுற்றுக்களை எண்ணுகிறது. ஒரு சுற்றுக்கு இவ்வளவு தூரம் என்று தொழிற்சாலையில் சொல்லிக் கொடுத்த கணக்கை வைத்துப் பெருக்குகிறது. சக்கரம் பெரிதானபின், ஒவ்வொரு சுற்றிலும் வண்டி சிறிது மிகுதியாகவே செல்கிறது. கருவியோ பழைய கணக்கையே சொல்கிறது. உண்மையில் 102 கிலோமீட்டர் சென்ற வண்டி, "நூறு கிலோமீட்டர்தான் சென்றேன்" என்று கூறும். ஆகவே நண்பர் கண்ட 21.6 என்பது உண்மையான கணக்கன்று. நூற்றுக்கு 2.2 பங்கு கூட்டினால் 22.1 வருகிறது.

நண்பர் எளிதில் நம்பவில்லை. மறுநாட் காலையில் வடலூரிலிருந்து நெடுஞ்சாலையில் புறப்பட்டோம். கிலோமீட்டர்க் கற்களை ஒவ்வொன்றாக எண்ணினோம். பத்துக் கிலோமீட்டர் முடிந்தபோது கருவி காட்டிய தூரம் 9.8. நண்பர் சிரித்துவிட்டார். "கல் பொய் சொல்லாது" என்றார்.

தவறு ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கவில்லை. பழைய டயர்கள் தேய்ந்திருந்தன அல்லவா? புதிய டயரில் தரையைத் தொடும் பகுதியின் பள்ளங்கள் ஏறத்தாழ எட்டு மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். மெக்கானிக்குகள் இதனையே 'பட்டன்' என்பர். நண்பரின் பழைய டயரில் மூன்று மில்லிமீட்டரே எஞ்சியிருந்தது. ஐந்து மில்லிமீட்டர் தேய்ந்தால் விட்டம் பத்து மில்லிமீட்டர் குறையும். சிறிதாகிவிட்ட சக்கரம் மிகுதியாகச் சுற்றும். கருவி தூரத்தைக் கூட்டிக் காட்டும். ஆகவே அவர் பெருமையோடு எழுதிவைத்திருந்த 24 என்பதும் முழு உண்மை அன்று, திருத்தினால் 23.6 அல்லது 23.7 ஆகிறது. தவிரவும், தேய்ந்த டயரில் நசுங்கி மீளும் ரப்பர் குறைவு. ஆதலால் அதன் உருளல் தடையும் புதிய டயரினும் குறைவு. புது டயர் போட்டவர் யாராயினும், அளவை மாற்றாவிட்டாலும், சில மாதங்களுக்கு மைலேஜ் சிறிது குறைவதைக் காண்பர்.

ஆக, நண்பர் கண்ட 2.4 கிலோமீட்டர்க் குறைவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, அளவைக் கருவியின் பிழை. அந்தப் பெட்ரோல் வீணாகவே இல்லை. எஞ்சிய 1.6 கிலோமீட்டர்தான் உண்மையான இழப்பு. அதனை லிட்டராக்கினால் நூறு கிலோமீட்டருக்கு 0.3 லிட்டர். சற்றுமுன் நாம் கணக்கிட்ட உருளல் தடையின் கால் லிட்டரை அது ஒட்டியே இருக்கிறது. பாட்டரி குற்றவாளி அன்று என்பது அப்பொழுதே தெளிவாயிற்று.

மிச்சமிருக்கும் சிறு பகுதிக்கு யார் பொறுப்பு? காற்றும் எடையும். முதலில் எடையைப் பார்ப்போம். சக்கரத்தில் கூடும் ஒரு கிலோ, வண்டியின் உடலில் கூடும் பத்துக் கிலோவிற்குச் சமம் என்று சிலர் கூறுவதுண்டு. மைலேஜைப் பொறுத்தவரை இது மிகைக்கூற்று. சுழலும் பொருளை முன்னோக்கித் தள்ளவும் வேண்டும், சுழற்றவும் வேண்டும். எடை முழுவதும் சக்கரத்தின் விளிம்பிலேயே இருந்தாலும், ஒரு கிலோ இரண்டு கிலோவாக எண்ணப்படுமே அன்றி அதற்கு மேல் இல்லை. நண்பரின் சக்கரம் ஒவ்வொன்றும் மூன்று கிலோ கூடியிருந்தது என்று கொண்டாலும், நான்கிற்கும் சேர்த்து 24 கிலோவின் விளைவுதான். 1,500 கிலோ வண்டிக்கு அது பெரிதன்று. அதுவும் வேகம் எடுக்கும்போது மட்டுமே. ஒரே வேகத்தில் ஓடும்போது சுழற்சிக்கென்று தனிச் செலவு இல்லை. வேகம் குறையும்போது ஹைபிரிட் அதில் ஒரு பகுதியை மீட்டும் கொள்கிறது.

காற்றின் செய்தி வேறு. சக்கரங்களும் அவை அமைந்துள்ள குழிகளும் சேர்ந்து, காரின் காற்றுத் தடையில் ஏறத்தாழ கால்பங்கிற்குக் காரணமாகின்றன என்று பொறியாளர் கூறுவர். டயர் அகன்றாலும், ரிம்மின் கம்பிகளுக்கிடையே வெளி மிகுந்தாலும் காற்று மிகுதியாகக் கலங்கும். பழைய பிரியஸ் வண்டிகள் சிலவற்றில் அழகிய அலாய் ரிம்மின் மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி போட்டிருப்பார்கள். நல்ல ரிம்மை ஏன் மூடிவைத்தார்கள் என்று பலர் வியந்ததுண்டு. காற்று வழுக்கிச் செல்வதற்காகவே மூடினார்கள். கண்ணுக்கு அழகு வேறு. காற்றுக்கு அழகு வேறு.

தனி ஒருவரின் குறிப்பேட்டை மட்டும் நம்பலாமா என்று நீங்கள் கேட்பது முறையே. ஆய்வுக்கூடத்தில் அளந்த சான்றும் உண்டு. 2023-ஆம் ஆண்டின் பிரியஸ் அமெரிக்காவில் இருவகைச் சக்கரங்களோடு விற்கப்பட்டது. பதினேழு அங்குலச் சக்கரம் உடைய எளிய வகைக்கு அந்நாட்டு அரசு வெளியிட்ட அளவு காலனுக்கு 57 மைல். பத்தொன்பது அங்குலச் சக்கரம் உடைய உயர்ந்த வகைக்கு 52 மைல். நம் கணக்கில் லிட்டருக்கு 24.2 கிலோமீட்டரும் 22.1 கிலோமீட்டரும் ஆகும். உயர்ந்த வகையில் எடையும் வசதிகளும் சிறிது மிகுதி என்பது உண்மையே. எனினும் எஞ்சின் ஒன்று, மோட்டார் ஒன்று; வேற்றுமையில் பெரும்பங்கு சக்கரத்தையும் டயரையும் சார்ந்ததே.

இதனால் பெரிய ரிம் என்றாலே தீது என்று முடிவு கட்டுதலும் பிழை. 2013-இல் வெளிவந்த பி.எம்.டபிள்யூ ஐ3 என்னும் மின்சார வண்டியில் பத்தொன்பது அங்குல ரிம்மில் 155 மில்லிமீட்டரே அகலமுள்ள ஒல்லியான டயரைப் பூட்டினர். சிக்கனத்திற்காகவே அவ்வாறு செய்தனர். பிற யாவும் ஒத்திருந்தால், விட்டம் மிகுந்த டயர் எளிதாகவே உருளும். ஆகவே குற்றம் ரிம்மின் அங்குலத்தில் மட்டும் இல்லை. டயரின் அகலம், அதன் கட்டமைப்பு, எல்லாவற்றிற்கும் மேலாக ரப்பரின் கலவை ஆகியவற்றைப் பொறுத்தது. ஒரே அளவுள்ள இரண்டு டயர்களுக்குள்ளேயே தடை பெரிதும் வேறுபடலாம். அமெரிக்கப் போக்குவரத்து ஆராய்ச்சி வாரியம் 2006-இல் வெளியிட்ட அறிக்கை, உருளல் தடையை நூற்றுக்குப் பத்துக் குறைத்தால் எரிபொருட் சிக்கனம் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை உயரும் என்று கணித்தது.

அவ்வாறாயின் தடை மிகக் குறைந்த டயரையே எல்லோரும் வாங்கிவிடலாமே! இங்குதான் விழிப்பு வேண்டும். டயர் எளிதாக உருள வேண்டும். ஈரச் சாலையில் இறுகப் பற்ற வேண்டும். நெடுநாள் உழைக்கவும் வேண்டும். இம்மூன்றும் ஒன்றோடொன்று பிணங்குவன. ஈரத் தரையைப் பற்றிக்கொள்ள உதவும் ரப்பரின் அதே இயல்பு, உருளும்போது ஆற்றலை உண்ணவும் செய்யும். கரித்தூளுக்குப் பதிலாக ரப்பரில் சிலிக்கா என்னும் பொருளைச் சேர்க்கும் முறையை மிஷெலின் நிறுவனம் 1992-இல் டயர்களில் கொண்டுவந்தது. இம்முறை அந்தப் பிணக்கைப் பெரிதும் குறைத்தது, முற்றும் ஒழித்துவிடவில்லை. ஆதலால்தான் ஐரோப்பாவில் 2012 முதல் டயர்களின் மேல் உருளல் தடை, ஈரப் பிடிப்பு, ஒலி ஆகிய மூன்றையும் சேர்த்தே குறித்து விற்கிறார்கள். இந்திய அரசும் 2022-இல் இம்மூன்றிற்கும் விதிகளை வகுத்தது.

வடகிழக்குப் பருவமழை கடலூர் மாவட்டத்திற்குப் புதிதன்று. 2011 டிசம்பர் இறுதியில் வீசிய தானே புயலை இங்குள்ளோர் மறக்கமாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையில் நீர் தேங்கிய சாலையில் பிரேக்கை அழுத்தும்போது, நூறு கிலோமீட்டருக்குக் கால் லிட்டர் மிச்சம் என்பது ஒருவருக்கும் நினைவிற்கு வராது. வண்டி நிற்குமா என்பது ஒன்றே கேள்வி. தேய்ந்த டயர் எளிதாக உருளும் என்று முன்பு கூறினேன். அதனைக் கேட்டு, தேய்ந்த டயரையே வைத்துக்கொள்வது சிக்கனம் என்று எவரும் எண்ணிவிட வேண்டா. பள்ளம் ஆழமாக இருந்தால்தான் அடியில் சிக்கிய நீர் வெளியேறும். இல்லையேல் டயர் நீரின் மேல் மிதந்து வழுக்கும். நம் நாட்டுச் சட்டம் காருக்கு வைத்துள்ள கடைசி எல்லை 1.6 மில்லிமீட்டர், அவ்வெல்லை வரை காத்திருப்பதும் அறிவுடைமை அன்று. அதுபோலவே டயரின் சுமை தாங்கும் திறனும் வேக எல்லையும், வண்டியைச் செய்தவர் குறித்த அளவிற்குக் குறையலாகாது.

பணம் செலவில்லாத ஒரு சிக்கனமும் உண்டு. அது காற்று. டயரில் காற்றுக் குறைந்தால் நசுங்கல் மிகும். நசுங்கல் மிகுந்தால் இழப்பும் மிகும். நான்கு டயர்களிலும் ஒரு பவுண்டு காற்றழுத்தம் குறைந்தால் மைலேஜ் நூற்றுக்கு 0.2 பங்கு குறையும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஐந்து பவுண்டு குறைந்தால் நூற்றுக்கு ஒன்று. ஓட்டுநர் கதவை ஒட்டிய தூணில் எழுதியுள்ள அளவிற்கு, வண்டி ஓடுவதற்கு முன் டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றடிக்க வேண்டும். நெய்வேலிக் கோடையில் நெடுந்தூரம் ஓடியபின் அளந்து, "காற்று மிகுதியாக இருக்கிறது" என்று இறக்கிவிடுவது பிழை. வெப்பத்தால் உயர்ந்த அழுத்தம் ஆறியபின் தானே தணியும். மாதம் ஒருமுறை காற்றைப் பார்ப்பவர், புதிய டயர் வாங்காமலே பெட்ரோலை மிச்சப்படுத்துகிறார்.

மாணவர்களாகிய நீங்கள் இவற்றையெல்லாம் கேட்டு மட்டும் நம்ப வேண்டா, செய்து பாருங்கள். அதற்குக் கார் தேவையில்லை. பள்ளிக்குச் செல்லும் சைக்கிள் போதும். டயரில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு, நீங்கள் சைக்கிளின் மேல் அமர்ந்திருக்க, நண்பன் ஒருவன் பிடித்து உருட்டட்டும். ஒரு சுற்றில் சென்ற தூரத்தை அளந்துகொள்ளுங்கள். பின்னர்க் காற்றைச் சிறிது இறக்கிவிட்டு மீண்டும் அளவுங்கள். சுற்றின் நீளம் குறைந்திருப்பதைக் காண்பீர்கள். அடுத்து, போக்குவரத்து இல்லாத ஒரு சிறு சரிவின் உச்சியிலிருந்து பெடலை மிதிக்காமல் உருண்டு வந்து, எங்கே நிற்கிறது என்று குறியுங்கள். முழுக் காற்றோடு ஐந்து முறையும், குறைந்த காற்றோடு ஐந்து முறையும் செய்து சராசரி எடுங்கள். காற்றெதிர்ப்பும் உங்கள் எடையும் ஒன்றாகவே இருக்க, இடையே தோன்றும் வேற்றுமை டயர் கேட்ட கூலி. ஒரு முறை செய்து முடிவு கூறுபவன் கதை சொல்பவன். பல முறை செய்து சராசரி காண்பவன் அறிவியல் மாணவன்.

நண்பரின் கதையை முடித்துவிடுகிறேன். உண்மை இழப்பு நூறு கிலோமீட்டருக்கு 0.3 லிட்டர் அல்லவா? ஆண்டிற்கு 15,000 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு அது 45 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று கொண்டால் ஆண்டிற்கு 4,500 ரூபாய். பாட்டரியை மாற்றியிருந்தால் அதனைப்போல் பல மடங்கு செலவாகியிருக்கும், மைலேஜும் மாறியிராது. நண்பர் பாட்டரியைத் தொடவில்லை. மழைக்காலத்திற்கு முன் பழைய ரிம்களையே மீண்டும் பூட்டி, பழைய அளவிலேயே, ஈரப் பிடிப்பும் நன்றாக உள்ள புதிய டயர்களைப் போட்டுக்கொண்டார். இரண்டு மாதம் கழித்துக் குறிப்பேட்டைக் கொண்டுவந்து காட்டினார். 23.2 என்று எழுதியிருந்தது. "24 வரவில்லையே" என்று நான் சொல்லிப் பார்த்தேன். "பழைய 24-இல் பொய் கலந்திருந்தது, இந்த 23.2 மெய். டயர் தேயத் தேயச் சிறிது கூடும், அப்பொழுதும் நான் ஏமாறமாட்டேன்" என்றார் அவர்.

அவருடைய தம்பி மகனுக்கு மட்டும் வருத்தம். பெரிய சக்கரங்கள் வீட்டுக் கொல்லையில் சாய்ந்து கிடக்கின்றன. ஆனால் அவன் இப்பொழுது எந்தக் காரைக் கண்டாலும் குனிந்து டயரின் பக்கத்தில் எழுதியிருப்பதைப் படித்து, விட்டத்தை மனக்கணக்காகவே சொல்லிவிடுகிறான்.